பயன் என்ன என்று கேட்ட தம்பிக்கு

சென்ற பொங்கலன்று நம் சங்கத்தார் விடுதித் தோட்டத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வடநாட்டு மூடுபனி அன்று தன் முழு வலிமையையும் காட்டியது. மணி பத்தாகியும் கதிரவனைக் காணோம். அவனுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அவன் வராமலே பால் பொங்கிவிட்டது.

அப்போது முதலாண்டுப் பொறியியல் மாணவர் ஒருவர் என்னருகே வந்து நின்றார். ஊரையும் பேரையும் விசாரித்துக்கொண்ட பிறகு, "அண்ணா, நீங்கள் எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"விண்மீன் மண்டலங்களைச் சுற்றிப் பரவியிருக்கும் மெல்லிய வாயுவைப் பற்றி" என்றேன்.

"அந்த வாயு கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அங்கே போய் எடுத்து வர முடியுமா?"

"முடியாது."

"அப்படியானால் அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன், அண்ணா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, இத்தகைய கேள்விக்கு எங்கள் துறையினர் வழக்கமாகச் சொல்லும் விடையைச் சொன்னேன். வானத்தைப் படம் பிடிப்பதற்காகச் செம்மைப்படுத்திய கருவிகள் மருத்துவத்துக்கும் உதவின. வானநூலார் வகுத்த கணக்கு முறைகள் வேறு தொழில்களுக்கும் பயன்பட்டன என்றேன். தம்பி தலையசைத்தார். இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்தது, பேச்சும் முடிந்தது.

ஆனால் அன்றிரவு எனக்கு நிம்மதி இல்லை. நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் அது என் விடையன்று. மருத்துவக் கருவி செய்ய விரும்புகிறவன் நேராக அதையே செய்யலாமே! அதற்காக ஆண்ட்ரமீடா மண்டலம் வரை போய்த் திரும்புவானேன்? நான் எதற்காக இந்தத் துறையில் இருக்கிறேனோ, அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வேறொன்றைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதுதான் என்னை உறுத்தியது.

மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். என் கருத்து இதுதான்: பயனில்லாதது என்று இந்த ஆராய்ச்சியை ஒதுக்குவதும் தவறு; இரவல் பயன்களைக் காட்டி அதை விற்பதும் தவறு. அது கேட்கும் கேள்வியின் பெருமைக்காகவே அதைச் செய்யலாம். நம் நாடு இதில் இப்போது செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. அதைத் தள்ளிப் போட்டால், திறந்திருக்கும் கதவு ஒன்று நம் கண்ணெதிரே மூடிவிடும்.

வரவும் செலவும்

விண்மீன் மண்டலம் என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது புத்தகங்களில் காணும் அந்த அழகிய சுருள்தான். நாம் வாழும் பால்வீதியும் அத்தகைய சுருளே. அதன் ஒளிரும் தட்டின் குறுக்களவு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு. ஆனால் மண்டலம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. தட்டுக்கு மேலும் கீழும் நாற்புறமும், பல லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு வாயு பரவியிருக்கிறது. இதற்கு நிலைத்த தமிழ்ப் பெயர் ஒன்றை நான் இன்னும் கேட்டதில்லை. எனவே 'சூழ்வாயு' என்று நானாகவே அழைத்து வருகிறேன். இதனினும் நல்ல சொல் தருகிறவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் வாங்கித் தருவேன்.

அது எவ்வளவு மெல்லியது தெரியுமா? நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு கன செண்டிமீட்டர் இடத்துக்குள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. சூழ்வாயுவிலோ, பத்து லிட்டர் பிடிக்கும் ஒரு வாளியளவு இடத்தில் ஓர் அணு இருந்தாலே பெரிது. இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். அதன் வெப்பமும் ஒரே சீராக இல்லை. பத்தாயிரம் டிகிரியளவில் மிதக்கும் மேகங்களும் உண்டு. அவற்றைச் சூழ்ந்து பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பரவிய வாயுவும் உண்டு.

இத்தனை மெல்லிய ஒன்றைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் கணக்கைப் பாருங்கள். சரக்கறையில் ஒரு வாரத்துக்குரிய அரிசிதான் இருக்கிறது. ஆனால் மாதம் முழுவதும் சோறு குறைவில்லாமல் வருகிறது. என்ன பொருள்? நாம் பார்க்காத நேரத்தில் பின்வாசல் வழியாக மூட்டைகள் வந்துகொண்டிருக்கின்றன என்பதுதானே?

பால்வீதியின் கணக்கும் அப்படித்தான். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றிரண்டு சூரியன்களின் எடையுள்ள வாயு புது விண்மீன்களாக மாறுகிறது. தட்டில் உள்ள வாயு முழுவதையும் கூட்டினாலும் இந்தச் செலவுக்குச் சில நூறு கோடி ஆண்டுகளே தாங்கும். ஆனால் பால்வீதியோ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாக விண்மீன்களை ஈன்று வருகிறது. எனவே வெளியிலிருந்து வாயு வந்து விழுந்தாக வேண்டும். அது வரும் வழி சூழ்வாயுதான்.

செலவுப் பக்கத்திலும் ஒரு புதிர் உண்டு. நம் இரத்தத்தில் இருக்கும் இரும்பும், நாம் உள்ளிழுக்கும் ஆக்ஸிஜனும் விண்மீன்களின் வயிற்றில் வெந்து உருவானவை. இதுவரை தோன்றிய விண்மீன்கள் எல்லாம் எவ்வளவு ஆக்ஸிஜன் செய்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, மண்டலத்துக்குள் இருப்பதை எண்ணிப் பார்த்தால், பெரும் பகுதி கணக்கில் வரவில்லை. வெடித்த விண்மீன்கள் அதை வெளியே வீசியெறிந்திருக்கின்றன. அது போய்ச் சேர்ந்த இடமும் சூழ்வாயுவே. வெளியே போனதில் ஒரு பகுதி குளிர்ந்து மீண்டும் உள்ளே விழுகிறது. கடலிலிருந்து மேகமும், மேகத்திலிருந்து மழையும், மழையிலிருந்து ஆறும் சுற்றிச் சுற்றி வருவதைப் போன்றதொரு சுழற்சி இது. ஆற்றை மட்டும் அளந்துகொண்டு, மேகத்தைப் பார்க்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரை நீர்நூல் வல்லார் என்போமா?

பனியின் ஊடே விளக்கு

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டது எப்படி? பொங்கலன்று நாம் நின்ற பனியே இதற்குப் பாடம். இரவில் நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும்போது, இருட்டில் பனி இருப்பது தெரிவதில்லை. தெருவிளக்கைப் பார்த்தவுடன், அது மங்கி நிற்பதிலிருந்து, இடையே பனி இருக்கிறது என்று அறிகிறோம். வானநூலாரும் தொலைவில் ஒரு விளக்கைத் தேடினார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பனி எல்லா நிறங்களையும் மங்கச் செய்கிறது. வாயுவோ தனக்கே உரிய சில நிறங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. எனவே விளக்கின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அந்த நிறங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். இந்தக் கோடு ஹைட்ரஜன், அந்தக் கோடு கார்பன் என்று கைரேகை பார்ப்பதுபோல அடையாளம் சொல்லிவிடலாம்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லைமன் ஸ்பிட்சர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பால்வீதியின் தட்டுக்கு வெகு உயரத்தில் சிறு வாயு மேகங்கள் கலையாமல் நிற்பதை அதற்குச் சற்று முன்னர்க் கண்டிருந்தார்கள். அவை ஏன் விரிந்து கரைந்து போகவில்லை? அவற்றைச் சுற்றிலும் வெப்பமான வேறொரு வாயு அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அதன் வெப்பம் பத்து லட்சம் டிகிரியளவு இருக்கலாம் என்றார் ஸ்பிட்சர். காற்று மண்டலத்துக்கு மேலே போய்ப் புற ஊதா ஒளியில் பார்த்தால் அதன் தடயம் அகப்படும் என்பதும் அவர் கருத்து. நண்பர்களே, ஆண்டைக் கவனியுங்கள். முதல் செயற்கைக் கோளான ஸ்புட்னிக் விண்ணேறியது 1957 அக்டோபரில். ஏணியே இல்லாத நாளில் மாடியில் இருக்கும் பொருளைப் பற்றி அவர் எழுதினார்!

1963-இல் மார்ட்டன் ஷ்மிட், குவேசார் எனப்படும் மிகத் தொலைவான பேரொளிகளின் இயல்பைக் கண்டறிந்தார். விளக்கு கிடைத்துவிட்டது. 1969-இல் ஜான் பாகாலும் ஸ்பிட்சரும், குவேசார்களின் நிறமாலையில் காணும் கோடுகள் பல, வழியிலுள்ள மண்டலங்களைச் சூழ்ந்த வாயு இட்டவையாக இருக்கலாம் என்றார்கள். 1986-இல் பிரெஞ்சு அறிஞர் ஜாக்குலின் பெர்ஜெரான் அம்மையார், அத்தகைய கோட்டுக்கு உரிய மண்டலத்தையே நேரில் காட்டினார். 1956-இல் விழுந்த விதை மரமாக எத்தனை ஆண்டு ஆயிற்று பாருங்கள்.

1990-இல் ஹபிள் தொலைநோக்கி விண்ணுக்குச் சென்றது. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் அங்கே போய், புற ஊதா நிறமாலைக் கருவி ஒன்றை அதில் புதிதாகப் பொருத்தினார்கள். அதைக் கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட மண்டலங்களின் சூழ்வாயுவை ஒரு குழுவினர் ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். புது விண்மீன்கள் பிறக்கும் மண்டலங்களைச் சுற்றி, ஐந்து எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன் ஏராளமாக இருந்தது. விண்மீன் பிறப்பு நின்றுபோன மண்டலங்களைச் சுற்றியோ அது அருகியே காணப்பட்டது. ஆனால் அத்தகைய ஓய்ந்த மண்டலங்களைச் சுற்றியும் குளிர்ந்த ஹைட்ரஜன் இருப்பதை அடுத்த ஆண்டே கண்டார்கள். களஞ்சியம் பக்கத்தில் இருந்தும் உலை ஏன் ஏறவில்லை? இந்தக் கேள்விக்கு முழு விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

2020-இல், 43 குவேசார்களின் ஒளியைக் கொண்டு நம் அண்டை மண்டலமான ஆண்ட்ரமீடாவின் சூழ்வாயு அளக்கப்பட்டது. அது 13 லட்சம் ஒளியாண்டு வரை பரவியிருக்கிறது. சில திசைகளில் 20 லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரமீடா நம்மிடமிருந்து 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அப்படியானால் அதன் சூழ்வாயுவும் பால்வீதியின் சூழ்வாயுவும் இப்போதே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். இரு மாளிகைகளும் நெடுந்தொலைவில் நிற்கின்றன. தோட்டங்களோ வேலியில் சந்தித்துவிட்டன!

என் பிழை ஒன்று

இவ்வளவையும் படித்து, இது வெற்றி மேல் வெற்றியாக நடக்கும் துறை என்று எண்ணிவிடாதீர்கள். என் முதலாண்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஒரு குவேசாரின் நிறமாலையில் 1260 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஆழமான கோடு ஒன்றைக் கண்டேன். ஹைட்ரஜனின் பெயர் பெற்ற கோடு 1216-இல் உள்ளது. பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலுள்ளவற்றின் கோடுகள் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். எனவே இது 50 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஹைட்ரஜன் என்று முடிவு கட்டினேன். அத்திசையில் ஒரு மண்டலமும் இருந்தது. மூன்று வாரம் இரவு பகலாகக் கணக்குப் போட்டுக் குறிப்பு எழுதி, பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "சிலிக்கானின் கோடு எங்கே விழும்?" என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தேன். 1260.4! நான் 50 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் கண்டதாக எண்ணியது நம் பால்வீதியின் வாயு. வெளிநாட்டுக் கடிதம் என்று பிரித்தால், அடுத்த அறை நண்பர் எழுதிய சீட்டு! எந்தத் திசையில் பார்த்தாலும் நம் வீட்டுப் பனியின் ஊடாகத்தான் பார்க்கிறோம் என்பதை அன்று கற்றேன்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தை நான் வீண் என்று கருதவில்லை. தம்பிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இங்கேதான் இருக்கிறது. நான் விரும்பியதை அந்த நிறமாலை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னது. நம் விருப்பத்துக்கு வளையாத ஒன்றின் முன் அமர்ந்து, அது என்ன என்று பொறுமையாகக் கேட்பது ஓர் உயர்ந்த வேலை. நம் உடம்பின் இரும்பும் ஆக்ஸிஜனும் எந்த வழியாக வந்தன என்று அறிய விரும்புவது மனிதனுக்கு இயல்பான ஆசை. பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தான் என்று கேட்கிறோமே, அதில் என்ன பயன் என்று யாராவது கணக்குப் பார்க்கிறார்களா?

மூடப்போகும் கதவு

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தத் துறைக்கு இந்தியா புதிதன்று. 1920-இல் கல்கத்தாவில் இருந்த மேகநாத சாகா, வெப்பத்துக்கும் அணு தன் எலெக்ட்ரானை இழப்பதற்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக வகுத்தார். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் கலை அதிலிருந்து வளர்ந்தது. புணேயில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல் மையத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்த், பிரெஞ்சு அறிஞர்களுடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் அரியதொரு முடிவை வெளியிட்டார். குவேசாரின் ஒளி வரும் வழியில் இருந்த வாயுவைக் கொண்டு, பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது அதன் பின்னணி வெப்பம் இன்றையதை விட அதிகம் என்று அளந்து காட்டினார்கள். 2015 செப்டம்பரில் நாம் அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக் கோளில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் முன்னின்று செய்த புற ஊதாத் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அவற்றின் கண்ணாடி 37.5 செண்டிமீட்டர்தான். அதைக் கொண்டே, தொலைவிலுள்ள சிறு மண்டலங்களின் ஓரத்தில் புது விண்மீன்கள் பிறப்பதைக் கண்டு, வெளிவாயு உள்ளே விழுவதற்கு அது சான்றாகலாம் என்று 2022-இல் எழுதினார்கள்.

ஆனால் ஆஸ்ட்ரோசாட் சிறந்த படங்கள் எடுக்கப் பிறந்தது. நிறமாலைக் கோடுகளை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் கருவி அதில் இல்லை. அத்தகைய நுணுக்கத்துக்கு உலகம் முழுவதும் நம்பியிருப்பது ஹபிளைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இடும் முக்கியக் கோடுகள் புற ஊதாப் பகுதியில் விழுபவை. 3000 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த ஒளியை நம் காற்று மண்டலம் தரைக்கு விடுவதில்லை. மிகத் தொலைவான மண்டலங்களுக்கு இது தடையாவதில்லை. பிரபஞ்ச விரிவால் அவற்றின் கோடுகள் நகர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குள் வந்துவிடுகின்றன. எனவே ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்திய வாயுவைத் தரையிலிருந்தே பார்க்கலாம். அண்டை வீட்டு வாயுவைப் பார்க்கத்தான் விண்ணுக்குப் போக வேண்டும்!

ஹபிளுக்கோ வயதாகிவிட்டது. 2009-க்குப் பிறகு அதைப் பழுதுபார்க்க யாரும் செல்லவில்லை. 2024 ஜூன் முதல் ஒரே ஒரு ஜைராஸ்கோப்பைக் கொண்டு திசை பார்த்து வேலை செய்யும்படி அதை அமைத்தார்கள். 2021-இல் சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதன் வேலையைச் செய்யாது. அது அகச்சிவப்பு ஒளிக்கு உரியது. புற ஊதாவையும் காணும் வல்லமையுடன் அமெரிக்கர்கள் திட்டமிடும் பெரிய தொலைநோக்கி 2040-களுக்கு உரியது. இடையில் ஹபிள் ஓய்ந்தால் என்ன ஆகும்? அருகிலுள்ள மண்டலங்களின் சூழ்வாயுவை இத்தனை நுணுக்கமாகக் காணும் கண் நீண்ட காலத்துக்கு இல்லாமற் போகும்.

தரையில் இருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. 2024-இல் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியைக் கொண்டு, ஒரு மண்டலத்தின் சூழ்வாயு தானே உமிழும் மங்கிய ஒளியை 1 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு வரை படமாக்கினார்கள். ஆனால் இது புற ஊதாக் கோடுகள் சொல்லும் செய்திக்குத் துணையாகுமே அன்றி, மாற்றாகாது.

எனவே நான் வேண்டுவது இது. இந்தியாவின் அடுத்த புற ஊதாத் தொலைநோக்கி படம் எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. கோடுகளை நுணுக்கமாகப் பிரிக்கும் நிறமாலைக் கருவியும் அதில் இருக்க வேண்டும். 'இன்சிஸ்ட்' என்ற பெயரில் ஒரு மீட்டர் கண்ணாடியுள்ள புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று நம் அறிஞர்களால் முன்மொழியப்பட்டிருக்கிறது. அத்தகைய திட்டங்கள் காகிதத்திலேயே முதுமை அடைந்துவிடக் கூடாது.

"ஹபிளின் கண்ணாடி 2.4 மீட்டர், ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்துவிட முடியும்?" என்று சிலர் கேட்கலாம். 1999 முதல் 2007 வரை இயங்கிய 'ஃப்யூஸ்' என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோளை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அதில் இருந்தவை 39-க்கு 35 செண்டிமீட்டர் அளவுள்ள நான்கு கண்ணாடிகள். ஆனால் கருவி சரியான கருவி. அதைக் கொண்டே நம் பால்வீதியைச் சுற்றியுள்ள ஆக்ஸிஜனை வானம் முழுவதும் பல திசைகளில் அளந்தார்கள். 1956-இல் ஸ்பிட்சர் சொன்ன வெப்பவாயுவின் தடயம் அது. ஆகவே சிறிய தொலைநோக்கி என்பது குறையன்று. தகுந்த கேள்வியும் தகுந்த கருவியும் இருந்தால் போதும்.

"ஏழைகள் நிறைந்த நாட்டுக்கு இது தேவையா?" என்பது இன்னொரு கேள்வி. இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். நான் படித்த கிராமத்துப் பள்ளியில் விஞ்ஞானச் சாமான்கள் இருந்த அலமாரி ஆண்டு முழுவதும் பூட்டியே கிடந்தது. உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்த அலமாரிகள் எல்லாம் திறக்கப்பட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஆனால் தொலைநோக்கியை நிறுத்தினால் அலமாரி திறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. இரண்டையும் பூட்டி வைப்பது ஒரே மனப்பான்மைதான்: உடைந்து போகும், உனக்கு எதற்கு, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்னும் மனப்பான்மை. எல்லாத் தொலைநோக்கிகளையும் நாமே கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மற்றவர்கள் விட்டுவிடப் போகும் ஒரு சன்னலை நாம் திறந்து வைப்போம் என்கிறேன். அதைத் திறந்து வைத்தால் உலகம் நம் வாசலுக்கு வரும்.

நாம் செய்யக்கூடியது

தொலைநோக்கி கட்டுவது அரசின் வேலை; மாணவர் நாம் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். ஹபிள் இதுவரை எடுத்த நிறமாலைகள் களஞ்சியமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட காலம் கடந்தவை யாவும் எவருக்கும் இலவசம். ஸ்லோன் வான ஆய்வில் எடுக்கப்பட்ட 7 லட்சத்துக்கு மேற்பட்ட குவேசார்களின் பட்டியலும் நிறமாலையும் அப்படியே. பாகாலின் காலத்தில் பெரிய தொலைநோக்கியை அணுக வாய்த்த சிலருக்குத்தான் இவ்வேலை கைகூடியது. இன்றோ விடுதி அறையில் மடிக்கணினி வைத்திருக்கும் எவருக்கும் கைகூடும். திருநெல்வேலியில் ஒரு கல்லூரி மாணவி, ஆக்ஸ்போர்டு மாணவர் பார்க்கும் அதே நிறமாலையை அதே நாளில் பார்க்கலாம். பூட்டில்லாத அலமாரி இது. திறக்க ஆள்தான் வேண்டும்.

இதற்கு வானநூல் மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மெல்லிய கோட்டை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது மின்னணுப் பொறியியல் மாணவருக்குக் கைவந்த கலை. வாயு எப்படிப் பாய்கிறது, எப்போது குளிர்ந்து துளியாகிறது என்பது இயந்திரவியல், வேதியியல் மாணவர்களின் பாடம். ஓய்ந்த மண்டலத்தின் சூழ்வாயு ஏன் உள்ளே விழவில்லை என்ற கேள்விக்கு விடை, வானநூலாரைவிட ஒரு கொதிகலன் பொறியாளருக்கு முதலில் தோன்றினாலும் நான் வியப்படைய மாட்டேன்.

ஆகவே சங்கச் செயலாளரிடம் ஓர் அனுமதி பெற்றிருக்கிறேன். தேர்வு முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்க அறையில் இருப்பேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு குவேசாரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதன் நிறமாலையை விரித்து வைத்து, எந்தக் கோடு நம் வீட்டுடையது, எது வெளியூருடையது என்று சேர்ந்து பார்ப்போம். பேச்செல்லாம் தமிழில்தான். மூன்று வாரம் ஏமாந்த ஒருவன் பக்கத்தில் இருப்பதால், நீங்கள் மூன்று நாளில் தப்பித்துக்கொள்வீர்கள்.

பொங்கலன்று என்னிடம் கேள்வி கேட்ட தம்பி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். தம்பி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நான்தான் அதற்குக் கூச்சத்தோடு விடை சொன்னேன். அன்று பனி விலகிப் பிற்பகலில் கதிரவன் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாரும் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். நீங்கள் மட்டும், "இவ்வளவு பனியும் எங்கே போயிற்று?" என்று கேட்டீர்கள். அதைக் கேட்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.